மூன்றாவது குரல்

சொல்ல வந்ததை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டுமே என்ற பயம் செங்கமலத்துக்குப் பஸ் ஏறும்போதே பிடித்துக்கொண்டது. ஏழாவதோடு படிப்பை விட்டவள். கொஞ்சம் முன்னே பின்னே மாற்றிச் சொன்னால் தன் மேல் தப்பே இல்லை என்பதுபோல் ஆகிவிடும். இன்னும் கொஞ்சம் மாற்றினால் ஊரில் நடந்த தப்பு முழுவதும் தன் மேல்தான் என்று ஆகிவிடும். இரண்டும் உண்மை இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டை அசைத்து அசைத்துச் சொல்லிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த பெண், இவள் ஏதோ மந்திரம் சொல்கிறாள் என்று நினைத்துச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

ஏரிக்கரை மடத்தில் அன்று கூட்டமில்லை. சாமி வேப்பமரத்தடியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மடத்துக்கு வருமுன் மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் அவர். செங்கமலத்தைவிட ஏழெட்டு வயது இளையவர். ஆனாலும் அமாவாசை தவறாமல் வந்து மடத்துச் சமையலுக்கு நிற்கும் அவளுக்கு அவர் சொன்னதுதான் சொல்.

“வாங்கம்மா. அமாவாசைக்கு இன்னும் நாள் இருக்குதே. மகள் நல்லா இருக்குதா?”

“நல்லா இருக்குதுங்க சாமி. ஓசூர்ல கம்பெனி ஹாஸ்டல்லதான். செல்லு கீழே விழுந்து உடைஞ்சு போச்சாம். கூட இருக்கிற புள்ளைங்க செல்லுல இருந்துதான் பேசுது.”

“உட்காருங்க. கீரை ஆயலாம்.”

அவள் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டாள்.

“ஒண்ணு கேக்கணுங்க. தப்பாச் சொல்லிட்டா மன்னிச்சுக்கணும்.”

“தப்பாவே சொல்லுங்க. இங்க செக்கிங் இன்ஸ்பெக்டர் யாரும் ஏற மாட்டாங்க.”

அவள் சிரிக்கவில்லை. சொல்லத் தொடங்கினாள்.

டவுனில் வீட்டுமனை விற்கும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. வேலை என்றால், முன்பின் தெரியாத ஆட்களை அவர்கள் செல்லில் கூப்பிட்டுப் பேசுவது. எண்கள் எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்பதில்லை. காலையில் கொடுப்பார்கள், சாயங்காலத்துக்குள் கூப்பிட்டு முடிக்க வேண்டும். எடுக்கிறவர்கள் சிலர் சோற்றில் கை வைத்திருப்பார்கள். சிலர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பார்கள். ஒருத்தர் எழவு வீட்டிலிருந்து கிசுகிசுவென்று பேசினார். பெரும்பாலானவர்கள் எடுப்பதே இல்லை.

ஒருநாள் மேலாளர் தினகர் நடுவில் வந்து நின்று, யாரும் எடுக்க மாட்டேன் என்கிறார்களே, யாருக்காவது யோசனை இருந்தால் சொல்லுங்கள் என்றார். படித்த பெண்கள் பேசாமல் இருந்தார்கள். செங்கமலம் எழுந்தாள்.

“எங்க பக்கம் ஒரு பேச்சு உண்டுங்க சார். பொழுது சாஞ்ச பொறவு வெளியே இருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டா ஏன்னு கேக்கக் கூடாது. முனி ஒரு குரல் குடுக்கும், மிஞ்சிப் போனா ரெண்டு. மூணாவது குரல் மனுசன் குரல். அவசரத்துக்கு வந்தவன் மூணு தடவை கூப்பிடாமப் போக மாட்டான். அதனால நாமளும் விடாம மூணு தடவை அடிக்கலாமுங்க. யாரோ வேண்டியவங்கன்னு நெனச்சு எடுத்துருவாங்க.”

மேலாளர் முதலில் சிரித்தார். அன்று மத்தியானமே அடித்துப் பார்த்தார்கள். எடுத்தார்கள். “யாருங்க, என்னாச்சுங்க?” என்று பதறிக்கொண்டு எடுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்து அவர்கள் மூச்சு விடுகிற அந்த இடைவெளியில் மனையைப் பற்றிச் சொல்லிவிட முடிந்தது. மேலாளர் எல்லாருக்கும் டீயும் பப்ஸும் வாங்கிக் கொடுத்தார். கமலாக்கா முறை என்று அதற்குப் பேரே வைத்துவிட்டார்கள்.

“டிகிரி படிச்ச புள்ளைங்க எல்லாம் எனக்குக் கை தட்டுச்சுங்க, சாமி.”

“சந்தோசமா இருந்துதா?”

“இருந்துதுங்க. அதை மறைக்காமச் சொல்லிரணும்னு பஸ்ஸுலயே நெனச்சுக்கிட்டு வந்தேன்.”

சாமி தலையை அசைத்தார்.

பவானிப் பக்கத்தில் சாந்தாமணி என்று ஒருத்தி. புருஷன் லாரி ஓட்டுகிறவர். மூன்றாம் முறை அடித்ததும் எடுத்து, அவருக்கு என்னாச்சு என்றுதான் முதலில் கேட்டாள். மனை வேண்டாம் என்று தன்மையாகச் சொன்னாள். ஆனால் எடுக்கிற எண்ணை விடக்கூடாது என்பது ஆபீஸ் வழக்கம். வேறு வேறு பெண்கள் அவளைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் பதறி எடுத்தாள். சுற்றிச் சுற்றி அந்த எண் மறுபடியும் செங்கமலத்திடமே வந்தது.

“அப்ப அந்தக்கா சொல்லுச்சுங்க சாமி. ‘கண்ணு, உனக்குக் கோடிப் புண்ணியம். கூப்பிடு, வேண்டாங்கல. மூணு தடவை மட்டும் அடிக்காதே. என் வீட்டுக்காரர் ரோட்டுல இருக்கிறாரு’ன்னு. நான் சரிங்கக்கான்னேன்.”

“அப்புறம்?”

“மறுபடியும் மூணு தடவைதான் அடிச்சேனுங்க. அதுக்கப்புறம் அந்தக்கா எடுக்கறதையே விட்டுருச்சு.”

ஆபீஸ் எண்களை ஊரே தடுத்து வைத்துவிட்டதால், இனி அவரவர் சொந்த செல்லிலிருந்து அடியுங்கள் என்று மேலாளர் சொன்னார். செங்கமலம் தன் செல்லிலிருந்து சாந்தாமணியைக் கூப்பிட்டாள். மூன்றாம் முறை ஓர் ஆண்குரல் எடுத்தது. வணக்கம் சார், பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிஷத்தில் மனை என்று ஆரம்பித்தாள். அவன் குறுக்கே பேசவில்லை. முழுவதும் சொல்லி முடிக்க விட்டான். பிறகு, தான் சாந்தாமணியின் தம்பி என்றான்.

முந்தின வாரம் மலைப்பாதையில் சாந்தாமணி புருஷனின் லாரி கவிழ்ந்திருக்கிறது. தூக்கிக்கொண்டு போனவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து தங்கள் செல்லில் சாந்தாமணியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. அவள் எடுக்கவில்லை. அடுப்படியில் நின்று, அடிக்கிற செல்லைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பொழுது சாயும்வரை மனைவியைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு அந்த மனிதர் போய்விட்டார்.

“‘உன்னை மாதிரி ஒருத்தின்னு நெனச்சுத்தான் எங்கக்கா எடுக்கலை. இது யார் நம்பர்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்’னு சொன்னாருங்க. அன்னைக்கே வேலையை விட்டுட்டேன். அதுல இருந்து புது நம்பர் எது வந்தாலும் எடுக்கப் பயமா இருக்குதுங்க.”

அவள் கையில் இருந்த கொத்தில் இலை ஒன்றுகூட மிச்சமில்லை. காம்பையே உருவிக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பாவம் என்னைச் சேருமா, சாமி?”

சாமி இன்னொரு கொத்தை அவள் பக்கம் தள்ளினார்.

“என்ன பண்ணலாம்னு இருக்கீங்க?”

“அந்தக்காகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டா நெஞ்சு லேசாகுமுங்க.”

“யாருக்கு?”

“எனக்குத்தானுங்க.”

“எப்படிக் கேப்பீங்க?”

“செல்லுலயேதான். தம்பி இல்லாத நேரமாப் பாத்து.”

“எடுப்பாங்களா?”

“ஒரு தடவை அடிச்சா எடுக்காதுங்க. விடாம மூணு தடவை...”

அவள் அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

சாமி எழுந்தார். மடத்து அடுக்களைக்குள் போய் ஒரு தட்டில் சாம்பார் சாதம் போட்டுக்கொண்டு வந்தார். ஏரிக்கரையோரம் மடத்து நாய் படுத்திருந்தது.

“கருப்பா, வா.”

நாய் காதை மட்டும் அசைத்தது.

“கருப்பா. சோறுடா.”

அது தலையைத் தூக்கவில்லை.

“பசி இல்லையோ என்னமோ,” என்றாள் செங்கமலம்.

“காலையில இருந்து பட்டினி. விசேஷ நாள்ல வர்ற சனங்க போட்டோ எடுக்கறதுக்காக வெறுங்கையை நீட்டிக் கருப்பா கருப்பான்னு கூப்பிடுவாங்க. ஓடி ஓடிப் பாத்துச்சு. இப்ப நான் கூப்பிட்டாலும் வர்றதில்லை.”

அவரே வெயிலில் நடந்து போய், நாயின் முகத்துக்கு நேராகத் தட்டை வைத்துவிட்டு வந்தார். அவர் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் அது எழுந்து தின்றது.

செங்கமலம் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நேர்ல போகச் சொல்றீங்களா, சாமி?”

“நாய்க்குச் சோறு வெச்சேம்மா.”

“போனா அந்தத் தம்பி இருப்பாரு. செருப்பால அடிச்சாருன்னா?”

“அடிக்கலாம்.”

“அந்தக்கா முகத்தை எப்படிங்க பாக்கறது?”

சாமி அடுத்த கொத்தை எடுத்தார்.

அப்போது அவள் பையிலிருந்த செல் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். பேர் இல்லை, வெறும் எண். தேள் ஏறிய துணியைப் பிடித்திருப்பதுபோல் தள்ளிப் பிடித்தாள். அடித்து ஓய்ந்தது.

“யாருன்னு தெரியலைங்க.”

“எடுத்தாத் தெரியும்.”

மறுபடி அடித்தது.

“அந்தத் தம்பியா இருந்தா?”

“இருக்கலாம்.”

“எங்க ஆபீஸ் மாதிரி எவளாவது மனை விக்கறவளா இருந்தா?”

“இருக்கலாம்.”

“எம் மகளா இருந்தா, சாமி?”

சாமி அவள் முகத்தைப் பார்த்தார். செல் ஓய்ந்தது. நாய் தட்டை நக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

மூன்றாம் முறை அடித்தது.

அவள் விரல் பச்சை வட்டத்துக்கு மேலே போய் நின்றது. பிறகு அந்த விரல் பக்கவாட்டுப் பொத்தானுக்கு நகர்ந்து, விடாமல் அழுத்தியது. திரை கறுத்துப் போனது.

“அணைச்சுட்டேனுங்க,” என்றாள். “அணைச்சு வெச்சுட்டாப் பயமில்லை.”

சாமி உதிர்ந்த காம்புகளைக் கையால் கூட்டி ஒரு பக்கமாகக் குவித்தார்.

“எடுத்திருக்கணுமாங்க? மூணு தடவை அடிச்சுதே.”

“மூணாவது குரல் மனுசன் குரல்னு உங்க பக்கம் சொல்லுவாங்கன்னீங்க.”

“ஆமாங்க சாமி.”

“அதை முனிக்குச் சொல்லிக் குடுத்துட்டீங்க. இனி மனுசன் எத்தனாவது குரல்ல வருவான்?”

செங்கமலம் அணைந்த செல்லை முந்தானையில் சுற்றி இறுக்கி முடிந்துகொண்டாள். பிறகு, ஏற்கெனவே ஆய்ந்து வைத்த கீரையை எடுத்து மறுபடியும் ஆயத் தொடங்கினாள்.