கம்புக் குவியல் மேல் நின்ற கோழி

கோழியும் மனுஷரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கோழிக்குக் கிளறத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. கால் இருந்தது, நகம் இருந்தது. ஆனால் எல்லாம் நடக்கிறதுக்கும் கிளையைப் பிடித்துக்கொள்கிறதுக்கும்தான். பசித்தால் வாசலில் நின்று ஒரு சத்தம் கொடுக்கும். வீட்டுக்காரி ஒரு கை தானியத்தை வீசுவாள். தின்னும். மகாராணி வாழ்க்கை என்றுதான் சொல்ல வேண்டும்.

கரிசல் காட்டு ஊர் ஒன்றில் ஆவுடை என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். பிள்ளை கிடையாது. கம்பு விளைகிற ஒரு துண்டு நிலமும், புள்ளி என்கிற பெட்டைக்கோழியும்தான் அவளுக்கு மிச்சம். புள்ளி சரியான வாயாடி. "ஏ ஆவுடை, விடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு, இன்னும் என்ன தூக்கம்?" என்று அதிகாரம் பண்ணும். ஆவுடையும், "வாரேன் தாயி, கத்தாதே" என்று கம்பை அள்ளிக்கொண்டு ஓடி வருவாள். அந்த வீட்டில் அவளோடு பேச வேறு யார் இருந்தார்கள்?

அந்த வருஷம் மழை இல்லை. அடுத்த வருஷமும் இல்லை. வீட்டில் மிஞ்சியது ஒரு கலயம் விதைக்கம்பு மட்டும். விதையைத் தொடுகிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. பட்டினி கிடந்தாலும் விதைக் கலயத்தின் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆவுடை கீரையும் காட்டுக்கிழங்கும் தின்று நாளை ஓட்டினாள்.

அந்த நேரம் பார்த்தா புள்ளி குஞ்சு பொரிக்க வேண்டும்! பதினொரு குஞ்சு. பஞ்சு பஞ்சாகக் காலைச் சுற்றி நின்று கீச்சுக் கீச்சென்று கத்துகின்றன. புள்ளி வழக்கம்போல வாசலில் வந்து சத்தம் கொடுத்தது. கம்பு வரவில்லை. இன்னும் பலமாகக் கத்தியது. வரவில்லை. ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி தொண்டை கிழியக் கத்தியது. ஆவுடையின் காலைக்கூடக் கொத்திப் பார்த்தது. கடைசியில் குரல் அடைத்துப்போய் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டது. நாலு நாளில் நாலு குஞ்சு செத்தன.

பக்கத்து வீட்டுப் பிச்சம்மா வேலிக்கு அந்தப்பக்கம் நின்று சொன்னாள். "ஏன் மதினி அதைக் கட்டிக்கிட்டு அழுறீக? உயிரோட இருக்கும்போதே ஒரு குழம்பு வச்சாலாவது வயிறு நிறையும்."

"சும்மா இரு பிச்சம்மா. எனக்கு வாய்க்கு ருசியா சோறு இல்லாட்டியும் பரவாயில்ல, பேச்சுக்கு ஆள் வேணும்" என்றாள் ஆவுடை. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

கொல்லையில் ஒரு குப்பைமேடு இருந்தது. சாணியும் சருகும் மக்கிக் கிடக்கிற இடம். அதற்குள் புழு உண்டு, கறையான் உண்டு என்று ஆவுடைக்குத் தெரியும். "போ, போய்க் காலாலே தோண்டிப் பாரு" என்றாள்.

"தோண்டினா எப்படி ஆவுடை கம்பு வரும்? கத்தினால்தானே வரும்?" என்றது புள்ளி. பாவம், அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆவுடைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விளக்குமாற்றை எடுத்து நாலு சாத்து சாத்திக் குப்பைமேட்டுக்கு விரட்டினாள். புள்ளி ஒரு பாடம் படித்துக்கொண்டது. கிளறுகிற பாடம் இல்லை. விளக்குமாற்றைக் கண்டால் ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் ஓடி ஒளிகிற பாடம். நாள் முழுக்க அது வெளியே வரவில்லை. குஞ்சுகளும் தாய்க்குப் பின்னால் அரண்டுபோய்க் கிடந்தன. ஆவுடைக்கு மனசு ஆறவில்லை. 'அடிச்சா அது என்னைத்தான் வெறுக்கும், குப்பையைக் கிளறாது' என்று புரிந்தது.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து, விதைக் கலயத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். "மன்னிச்சுக்கோ" என்று யாரிடமோ சொல்லிவிட்டு மூடியை எடுத்தாள்.

ஒரு கைப்பிடி கம்பைக் குப்பைமேட்டில் தூவி, மேலாக்கத் துளி மண்ணைப் போட்டாள். பாதித் தானியம் வெளியே தெரிந்தது. புள்ளி ஓடிவந்து மேலே கிடந்ததைக் கொத்தியது. கொத்தும்போது கால் லேசாக மண்ணைத் தள்ளியது. உள்ளே இன்னும் நாலு மணி! "அடியே ஆவுடை, இங்க பாரு!" என்று கத்தியது. "பாத்தேன் பாத்தேன், என் ராசாத்தி!" என்று ஆவுடையும் குதித்தாள். அடுத்த நாள் கொஞ்சம் ஆழமாகப் புதைத்தாள். அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். விளக்குமாற்றைக் கண்ணில் படாமல் வீட்டுக்குள் வைத்துவிட்டாள்.

ஒரே இடத்தில் வைத்தபோது புள்ளி அந்த இடத்தை மட்டும் கிளறிவிட்டு உட்கார்ந்தது. அதனால் ஆவுடை ஒரு நாள் இந்தப்பக்கம், ஒரு நாள் அந்தப்பக்கம் என்று மாற்றி வைத்தாள். கலயமும் குறைந்துகொண்டே வந்ததா, சில நாள் ஒன்றும் வைக்காமலே விட்டாள். வைக்காத நாளில் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். புள்ளி கிளறும். கிடைக்காது. 'நேத்தும் முதல்ல கிடைக்கல, அப்புறம் கிடைச்சுதே' என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி கிளறும். அப்படி ஒரு நாள், ஆவுடை ஒரு மணிகூட வைக்காத நாள், ஒரு வறட்டியைப் புரட்டியதும் அடியில் வெள்ளை வெளேரென்று கறையான்! ஏழு குஞ்சும் மொய்த்துக்கொண்டு தின்றன. ஆவுடை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். அதற்கப்புறம் அவள் கலயத்தைத் திறக்கவே இல்லை.

ஐப்பசியில் மழை கொட்டியது. விதை குறைந்துபோனதால் ஆவுடையால் பாதி நிலம்தான் விதைக்க முடிந்தது. "கோழிக்கு விதையைத் தின்னக் குடுத்த மகராசி" என்று பிச்சம்மா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கட்டும். பாதி நிலத்திலும் கதிர் நன்றாகவே வாங்கியது.

கதிரடித்த அன்று ஆவுடை ஒரு சுளகு நிறையக் கம்பை வாசலில் குவித்தாள். "வா புள்ளி, வயிறு முட்டத் தின்னு. இனிமே நீ கஷ்டப்பட வேண்டாம்" என்றாள். புள்ளி குவியல் மேல் ஏறி நின்றது. குனிந்து கொத்தும் என்று பார்த்தால், பரக் பரக்கென்று காலால் கிளறியது! கம்பு நாலாபக்கமும் பறந்து ஆவுடையின் மூஞ்சியிலேயே அடித்தது.

"ஏட்டி கிறுக்கி! காலுக்கடியிலதானே கெடக்கு, கண்ணு தெரியலையா?"

புள்ளி தலையைக் குனிந்துகொண்டது. "கண்ணுக்குத் தெரியுது ஆவுடை. இந்தக் காலுக்குத்தான் தெரிய மாட்டேங்குது. ஒண்ணுமே கிடைக்காத நாளும் கிளறினேனே. அன்னைக்கு நிறுத்தியிருந்தா இந்த ஏழும் இருந்திருக்குமா?"

ஆவுடை ஒரு மாதம் முழுக்கத் தினமும் குவியல் குவியலாகப் போட்டுப் பார்த்தாள். புள்ளியும் காலை அடக்கி அடக்கிப் பார்த்தது. முடியவில்லை. அடுத்த ஈட்டுக் குஞ்சுகள் பொரித்தன, பஞ்சத்தையே பார்க்காத குஞ்சுகள். அதுகளும் கம்புக் குவியலில் ஏறித் தாயைப் பார்த்துக்கொண்டே, பிஞ்சுக் காலால் கிளற ஆரம்பித்தன.

"இதுகளுக்கு என்ன கஷ்டம் வந்துச்சு மதினி, இதுகளும் இந்தக் கூத்து அடிக்குது?" என்று பிச்சம்மா சிரித்தாள்.

"பசி தெரியாட்டியும் பரவாயில்ல, கிளறத் தெரியட்டும்" என்று ஆவுடை சிதறிய கம்பை முந்தானையில் பொறுக்க உட்கார்ந்தாள். "கிளறு தாயி, நீ கிளறு. நான் அள்ளிக்கிடுதேன்."

அன்று முதல்தான், தானிய அம்பாரத்தின் உச்சியிலேயே ஏற்றிவிட்டாலும், கோழி இரண்டு கிளறு கிளறிவிட்டுக் குனிந்து கொத்துகிறது.