உலகம்மையின் தகப்பனார் வந்த நாள்

மலையடிவாரத்தில் அம்மையார் ஒருவர் மடம் வைத்திருந்தார். அவருக்கு நாற்பது வயது இருக்கும். அவரிடம் வந்து சேர்ந்தவர்களில் அவரைவிட மூத்தவர்களே அதிகம். இளையவர்கள் என்றால் உலகம்மையும் அவள் தம்பி சங்கரலிங்கமும்தான்.

இருவரும் ஒன்றாக வீட்டைவிட்டு வந்தவர்கள். கோயில் கொடைத் திருவிழாவில் அம்மையார் பேசியதைக் கேட்டுவிட்டு, இனி இவரோடுதான் என்று முதலில் கிளம்பியவள் உலகம்மை. ஊர் எல்லை தாண்டுவதற்குள் தம்பி பின்னால் ஓடி வந்தான்.

"நீ இல்லாத வீட்டில் எனக்கு என்ன வேலை?" என்றான்.

அது நடந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது.

ஒரு நாள் உலகம்மை கிணற்றடியில் கீரை அலசிக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். முகம் அடையாளம் தெரியாத அளவுக்கு மெலிந்திருந்தார். நடையை வைத்துத்தான் தெரிந்தது.

"அப்பா" என்று எழுந்து ஓடினாள். கீரைக்கட்டு கையிலேயே இருந்தது.

தெய்வநாயகம் நிற்கவில்லை. அவளைத் தாண்டி நேரே நடந்தார். வெயிலில் வந்த களைப்பு, காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டாள். செம்பில் தண்ணீர் மொண்டுபோய் நீட்டினாள். அவர் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கரலிங்கம் வந்தான். அக்காவிடமிருந்து செம்பை வாங்கி நீட்டினான். உடனே வாங்கிக் குடித்தார். பாதியில் நிறுத்தி அவன் முகத்தைத் தடவினார். பிறகு குலுங்கி அழுதார்.

உலகம்மை அருகிலேயே நின்றாள். ஏதோ புரிந்தது. ஆனால் என்னவென்று புரியவில்லை.

அம்மையார் வெளியே வந்ததும் தெய்வநாயகம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"தாயே, என் மகனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்."

"நான் யாரையும் பிடித்து வைக்கவில்லை, ஐயா. எழுந்து உட்காருங்கள்."

உட்கார்ந்தார். மகனின் கையை மட்டும் விடவில்லை.

"இவன் அம்மா இன்றுவரை இவனுக்கு இலை போடுகிறாள், தாயே. சோறு ஆறிய பிறகு எடுத்து மாட்டுக்கு வைக்கிறாள். வாசற்கதவைத் தாழ்ப்பாள் போட விடுவதில்லை. பிள்ளை வந்து தட்டும்போது நாம் தூங்கிவிட்டால் என்ன செய்வது என்கிறாள். இப்போது படுக்கையோடு கிடக்கிறாள்."

அம்மையார் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்கள் வீட்டிலிருந்து வந்தவர்கள் இரண்டு பேர். நீங்கள் ஒருவரைத்தான் கேட்கிறீர்கள்."

"எனக்கு ஒரு பிள்ளைதான், தாயே."

"மகள்?"

"இருந்தாள். செத்துப்போய்விட்டாள்."

உலகம்மையின் கையிலிருந்த கீரை கீழே விழுந்தது. அதை அவள் குனிந்து எடுக்கவில்லை.

அம்மையார் உலகம்மையைத் திரும்பிப் பார்த்தார்.

"எப்போது?" என்று தெய்வநாயகத்திடம் கேட்டார்.

"இவன் வீட்டைவிட்டு வந்த அன்றைக்கு. உடம்பு இல்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு வைக்கோலில் ஓர் உருவம் கட்டினோம். அவளுடைய பச்சைத் தாவணியை அதற்குச் சுற்றினோம். சுடுகாட்டுக்குத் தூக்கிப்போய் எரித்தோம். பதினாறாம் நாள் கருமாதி. கல்யாணமாகாத பெண்ணுக்கு அதெல்லாம் எதற்கு என்றார்கள். ஊர் பார்க்கட்டும் என்று செய்தேன். பந்தி வைத்துச் சோறு போட்டேன்."

அந்தப் பச்சைத் தாவணியைப் பொங்கலுக்கு எடுத்திருந்தார்கள். உலகம்மை அதை ஒரே ஒரு முறைதான் கட்டியிருந்தாள். வீட்டைவிட்டு வரும் வழியில் எதை நினைத்தும் வருத்தப்படாதவள், அதைக் கொடியிலேயே விட்டுவிட்டு வந்தோமே என்று மட்டும் தம்பியிடம் சொல்லியிருந்தாள்.

"கொள்ளி வைத்தது யார்?" அம்மையார் கேட்டார்.

"நான்தான்."

சொல்லிவிட்டு வலது கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

சங்கரலிங்கம் தன் கையை அவரிடமிருந்து விடுவித்துக்கொண்டான்.

"முதலில் கிளம்பியது அக்கா, அப்பா. நான் பின்னால் போனவன். இரண்டு பேரும் செய்தது ஒன்றுதான்."

"தெரியும்டா."

"தெரிந்துமா?"

"நீ போனதற்கு, பையன் சாமியாராகப் போயிருக்கிறான், நாலு இடம் சுற்றிவிட்டுத் திரும்புவான் என்றார்கள். அவளைப் பற்றி, யாரோடு போனாள் என்று கேட்டார்கள். தம்பியோடுதான் போனாள் என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்கள். தினமும் கேட்டார்கள். செத்துவிட்டாள் என்று சொன்ன பிறகு யாரும் கேட்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தார்கள். அதற்குப் பிறகுதான் நான் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தேன்."



"அம்மா அழுதாளா?" என்றாள் உலகம்மை. அவள் குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது.

தெய்வநாயகம் திரும்பவில்லை. அம்மையாரைப் பார்த்தே பதில் சொன்னார்.

"அழுதாள் என்று சொல்லுங்கள், தாயே. நெருப்புச் சட்டியை என் கையிலிருந்து தட்டிவிட்டு உடைத்தாள் என்றும் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் வேறு சட்டி வாங்கினோம்."

"நான் வரமாட்டேன்" என்றான் சங்கரலிங்கம்.

அவர் வற்புறுத்தவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

உலகம்மைதான் பேசினாள்.

"போ, தம்பி. அம்மா படுத்துக் கிடக்கிறாள்."

"நீயும் வா, அக்கா."

"நான் எங்கே வருவது? நான் வந்து வாசலில் நின்றால், எரித்தது யாரை என்று ஊர் கேட்கும்."

அவன் அம்மையாரைப் பார்த்தான்.

"போய் உன் அம்மா முன்னால் உட்கார்ந்து சாப்பிடு" என்றார் அம்மையார். "எங்கே இருப்பது என்பதைப் பிறகு நீயே முடிவு செய்துகொள்."

கிளம்பினார்கள். உலகம்மை சில அடி தள்ளிப் பின்னால் போனாள். மதில் அருகே வந்ததும் தெய்வநாயகம் பைக்குள் கைவிட்டு இரண்டு பொட்டலங்களை வெளியே எடுத்தார்.

"அதிரசம். உன் அம்மா எழுந்து உட்கார்ந்து சுட்டாள். ஒரு பொட்டலம் போதும் என்றேன். கேட்கவில்லை. இரண்டாகத்தான் கட்டுவேன் என்றாள்."

ஒன்றை மகனிடம் கொடுத்தார். மற்றதை வைத்துக்கொண்டு நின்றார். திரும்பவும் பைக்குள் போடப் போனார், போடவில்லை. பிறகு எட்டி அதை மதில்மேல் வைத்தார்.

"யாருக்கு, அப்பா?"

"காக்காய்க்கு" என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "செத்தவர்களுக்கு அப்படித்தானே வைப்பது."

நடந்தார்கள். பாதை திரும்பும் இடத்தில் சங்கரலிங்கம் நின்று பார்த்தான். தெய்வநாயகம் பார்க்கவில்லை.

உலகம்மை நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. யாரோ வந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவள் காதில் விழவில்லை. தன் இரண்டு கைகளையும் விரித்து உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் சாய்ந்தபோதுதான் அம்மையாரைத் தேடிப் போனாள். அவர் அவள் போட்டுவிட்டுப் போன கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"தாயே, காவி வாங்குகிறவர் தமக்குத் தாமே ஈமக்கடன் செய்துகொள்ள வேண்டும் என்பது இந்த மடத்து முறை."

"ஆமாம்."

"எனக்கு அது முடிந்துவிட்டது. கொள்ளி வைத்து, கருமாதி செய்து, சோறும் போட்டாகிவிட்டது. இன்றைக்கே காவி கொடுங்கள்."

அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. அம்மையார் அதைக் கவனித்தார்.

"அதற்கும் உனக்கும் சம்பந்தமில்லை. அது அவர் தெருவில் நடப்பதற்காகச் செய்துகொண்டது."

"அப்படியானால் நான் யார்? அங்கே இல்லை. இங்கேயும் இன்னும் சேரவில்லை."

அம்மையார் கீரையை அவள் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தார். உலகம்மை எதிரில் உட்கார்ந்தாள். அவளும் ஒரு பிடி எடுத்து ஆய ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் போயிற்று.

"தாயே."

"சொல்."

"அந்தப் பொட்டலத்தை நான் எடுக்கலாமா? செத்தவளுக்கு என்று சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்."

"நீ ஏதாவது சாப்பிட்டாயா?"

"காலையிலிருந்து இல்லை."

"பசிக்கிறதா?"

உலகம்மை யோசித்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"பசிக்கிறது" என்றாள்.

"செத்தவர்களுக்குப் பசிக்காது" என்றார் அம்மையார். "காக்காய் வருவதற்குள் போய் எடுத்துக்கொள்."