அங்காயி எருமையின் கல்யாண மேக்கப்

காட்டுக் குளத்துச் சேற்றில் அங்காயி என்ற எருமை கழுத்துவரை முங்கிக் கிடந்தாள். கத்திரி வெயில் காட்டைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தது. அங்காயிக்கு என்ன கவலை? மேலே சேறு, கீழே சேறு, நடுவில் சுகம்.

அவள் முதுகில் வெள்ளைச்சாமி என்ற கொக்கு நின்று உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தார். கரையில், நாவல் மரத்து நிழலில், அங்காயியின் கன்று சுட்டி படுத்திருந்தாள். இன்னும் புல் கடிக்கக்கூடப் பழகாத கன்று. தாய்ப்பால்தான் அவளுக்கு எல்லாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் சிங்காரி வந்து நாவல் மரத்தில் உட்கார்ந்தாள்.

சிங்காரி ஒரு மைனா. அந்தக் காட்டுக்கே அழகுக்கலை சொல்லித்தருகிறவள். அதற்கு என்ன தகுதி என்று கேட்காதீர்கள். பிறக்கும்போதே அவள் கண்ணைச் சுற்றி மஞ்சள் வட்டம் இருந்தது. எல்லா மைனாவுக்கும் இருப்பதுதான். ‘கண்ணுக்கு எப்படிம்மா இவ்வளவு அழகா மஞ்சள் தீட்டுறே?’ என்று ஏதோ ஒரு விவரம் கெட்ட முயல் கேட்டுத் தொலைத்தது. மறுநாளே மருத மரத்தடியில் பியூட்டி பார்லர் திறந்துவிட்டாள். தேய்த்துவிட, பூசிவிட என்று அணில்களை வேலைக்கு வைத்துக்கொண்டாள். அறிவுரை மட்டும் அவளுடையது. அதற்குப் பஞ்சமே இல்லை.

“அக்கா, இன்னிக்கு மயில் வீட்டுக் கல்யாணத்துக்கு வர்றீங்கதானே?” என்றாள் சிங்காரி.

“வராம இருப்பேனா? பொண்ணோட அம்மா நேர்லயே வந்து அழைச்சிட்டுப் போயிருக்கா” என்றாள் அங்காயி.

“இப்படியேவா வருவீங்க?”

அங்காயி தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். சேறுதான் தெரிந்தது. “ஏன், இதுக்கு என்ன?”

“ஒண்ணுமில்லக்கா. வெயில்ல இப்படிக் கிடந்தா கறுத்துப் போயிடுவீங்களேன்னுதான் சொன்னேன்.”

“கறுத்தா? இதுக்கு மேலயா?”

வெள்ளைச்சாமி சிரித்தே விட்டார். சிரித்ததில் அலகில் இருந்த உண்ணி கீழே விழுந்துவிட்டது.

“சிரிங்கண்ணே, நல்லா சிரிங்க. நீங்க பிறவியிலேயே வெள்ளை. உங்களுக்கென்ன!” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் சிங்காரி.

இதே சிங்காரிதான் போன வாரம் கொக்குக் கூட்டத்திடம் போய், ‘வெள்ளையா இருக்கிறதெல்லாம் பழைய ஃபேஷன், கொஞ்சம் வெயில்ல காய்ஞ்சு பழுப்பா வாங்க’ என்று வகுப்பெடுத்தாள். கறுப்பாக இருப்பவர்களுக்கு வெளுப்பு, வெளுப்பாக இருப்பவர்களுக்குக் கறுப்பு. இருக்கிற நிறமே போதும் என்று சொல்லி எந்தப் பார்லர் பிழைத்திருக்கிறது?

“எனக்கு இந்தச் சேறு போதும்மா” என்றாள் அங்காயி. “வெயிலும் தாங்கும், ஈயும் அண்டாது.”

“உங்களுக்குப் போதும்க்கா. உங்க பொண்ணுக்கு? நாளைக்கு அவ நாலு பேர் நடுவுல போய் நின்னா, சேத்து எருமை பொண்ணுன்னுதானே சொல்வாங்க? மான் வீட்டு அம்மா உங்களைப் பார்த்து மூக்கைச் சுளிச்சதை நானே பார்த்தேன்.”

அங்காயிக்குச் சுருக்கென்றது. மான் வீட்டு அம்மா மூக்கைச் சுளித்ததை அவளும் பார்த்திருந்தாள். அவளை யார் என்ன சொன்னாலும் ஒரு தலையாட்டலில் விட்டுவிடுவாள். சுட்டியைச் சொன்னால் தாங்காது.

“கூலி என்ன கேட்பே?” என்றாள் மெதுவாக.

“உங்ககிட்டப் போய்க் கூலி கேட்பேனா? நீங்க மேயும்போது புல்லுல இருந்து வெட்டுக்கிளி எழும்புமே, அது போதும். எல்லாம் எனக்கு. வேற யாருக்கும் கிடையாது.”

சங்கதி இப்போது புரிகிறதா? எருமை ஓர் அடி வைத்தால் புல்லுக்குள் இருந்து பத்து வெட்டுக்கிளி குதிக்கும். கூடவே நடப்பவருக்கு உட்கார்ந்த இடத்தில் பந்தி. அந்தப் பந்தி இத்தனை நாளும் வெள்ளைச்சாமிக்குத்தான். சிங்காரியின் கண் அதன் மேல் விழுந்து வெகுநாளாகிவிட்டது.

“வேண்டாம் அங்காயி” என்றார் வெள்ளைச்சாமி. “என் சாப்பாடு போகுதுன்னு சொல்லலை. உனக்கு வேர்க்காது. சேறு இல்லேன்னா நீ வெந்துடுவே. இந்த வெயில்ல உனக்குக் குடையே அதுதான்.”

“அண்ணன் அப்படித்தான் சொல்வார்” என்றாள் சிங்காரி. “முதுகுல பறவையை வச்சுக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போறதும் இப்ப ஃபேஷன் இல்லக்கா. நல்லா யோசிச்சுக்குங்க.”

அங்காயி யோசித்தாள். வெள்ளைச்சாமியின் முகத்தைப் பார்க்காமல், “சுட்டியைக் கொஞ்சம் பார்த்துக்குங்கண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து பார்லருக்கு நடந்தாள்.

பார்லரில் அவளைப் புரட்டி எடுத்துவிட்டார்கள். அணில்கள் பீர்க்கங்கூட்டை வைத்துத் தேய்த்த தேய்ப்பில் சேறு போயிற்று. சேற்றோடு பாதித் தோலும் போய்விட்டதோ என்று அங்காயிக்குச் சந்தேகம். பிறகு உடம்பு முழுக்க வெள்ளைக் களிமண் பூசினார்கள். அதன் மேல் தாழம்பூவை நசுக்கித் தடவினார்கள். கொம்பு நுனி இரண்டிலும் பூச்செண்டு செருகினார்கள். கண்ணைச் சுற்றி மஞ்சள் வட்டம் போட்டார்கள். சிங்காரியிடம் யார் போனாலும் கடைசியில் சிங்காரி மாதிரிதான் திரும்பி வருவார்கள். அது அவளுடைய தனித்திறமை.

கடைசியாக உதடு. கோவைப்பழத்தைப் பிழிந்து பூசினார்கள். ஓர் எருமையின் உதட்டுக்கு ஒரு கொடிப் பழம் முழுக்கத் தேவைப்பட்டது.

“இனிமே வாயைத் திறக்கக் கூடாதுக்கா. திறந்தா சாயம் அழிஞ்சிடும். கத்தவே கூடாது. பேசணும்னா கண்ணால பேசுங்க.”

“எனக்குக் கண்ணால பேச வராதே?”

“பழகிக்குங்க” என்றாள் சிங்காரி.

கல்யாணப் பந்தல் நிறைந்திருந்தது. எல்லோரும் சிங்காரியின் வாடிக்கையாளர்கள்தான். கரடி, முடியை நேராக்குகிறேன் என்று தேன் தடவி வந்திருந்தது. முடி நேராகிவிட்டது. எறும்புகளும் நேராக வந்துவிட்டன. காட்டுப்பன்றி போட்டிருந்த பவுடரில், அது தும்மும்போதெல்லாம் பக்கத்தில் இருந்தவர்கள் வெளுத்தார்கள்.

அங்காயி உள்ளே வந்ததும் பந்தலே திரும்பிப் பார்த்தது.

“யாரது?” என்றது கரடி.

“எருமை அங்காயிங்க” என்றாள் சிங்காரி பெருமையாக.

“அங்காயியா! அடையாளமே தெரியலையே!” என்றாள் மான் வீட்டு அம்மா. “இவ்வளவு அழகா நீ!”

எல்லோரும் மாற்றி மாற்றி அதையேதான் சொன்னார்கள். அடையாளமே தெரியவில்லை. அதைவிடப் பெரிய பாராட்டு அந்தக் காட்டில் கிடையாது. அங்காயிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. உள்ளுக்குள் மட்டும்தான். வெளியே வெயில் முதுகைப் பிளந்துகொண்டிருந்தது. தேய்த்த தோல் எரிந்தது. களிமண் காய்ந்து வெடித்தது. வெடிப்புக்கு ஓர் ஈ வீதம் வந்து உட்கார்ந்தது.

இதற்குள் சுட்டி தூங்கி எழுந்திருந்தாள். வெள்ளைச்சாமி குளத்தில் ஒரு மீனைக் கொத்திக்கொண்டிருந்த நேரத்தில், அம்மாவைத் தேடி எழுந்து நடந்து, பந்தலுக்கே வந்துவிட்டாள். பசி அவள் கால்களில் தெரிந்தது.

அங்காயி ஆசையோடு கிட்டே போனாள். சுட்டி மூக்கை நீட்டினாள். தாழம்பூ வாசனை அடித்தது. இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டாள்.

“நீங்க யாரு? எங்கம்மாவைப் பார்த்தீங்களா?”

அங்காயி பதறிப்போய் வாயைத் திறக்கப் போனாள்.

“அக்கா, சாயம்! பொண்ணும் மாப்பிள்ளையும் இன்னும் உங்களைப் பார்க்கலை!” என்று காதருகே சிங்காரி கிசுகிசுத்தாள்.

அங்காயி வாயை மூடிக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடி கண்ணால் பேசினாள். மஞ்சள் வட்டத்துக்குள் இரண்டு பெரிய கண்கள் அப்படியும் இப்படியும் உருண்டன. சுட்டி அலறியடித்துக்கொண்டு பந்தலை விட்டு ஓடினாள்.

“பசிச்சா தானா வரும், நில்லுங்கக்கா” என்றாள் சிங்காரி.

அங்காயி நின்றாள். இன்னும் கொஞ்ச நேரம்தானே, பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து பார்த்ததும் ஓடிவிடலாம் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். மடி கனத்து வலித்தது. பால் தானாகக் கசிந்து காலில் இறங்கியது. வெள்ளைப் பூச்சின் மேல் வெள்ளைப் பால், யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்தது.

அப்போது வெள்ளைச்சாமி மூச்சிரைக்கப் பறந்து வந்தார். பந்தல் முழுக்கத் தேடினார். கடைசியில் அங்காயியின் முன்னாலேயே வந்து இறங்கினார்.

“அம்மா, நீங்க யாரு எவருன்னு தெரியலை. இங்க அங்காயின்னு ஒரு எருமையைப் பார்த்தீங்களா? அவ கன்னு கல்லுமேட்டுப் பக்கம் போயிட்டிருக்கு. நான் கூப்பிட்டா நிக்கலை. அங்க ரெண்டு செந்நாய் படுத்துக் கிடக்கு. அதோட ஆத்தா கூப்பிட்டாத்தான் அது நிக்கும். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கம்மா!”

நாள் தவறாமல் அவள் முதுகில் நின்றவர் இப்படிக் கேட்கிறார்.

அங்காயி வாயைத் திறந்தாள். “ம்ம்ம்மாஆஆஆ!”

அப்படி ஒரு சத்தத்தை அந்தக் காடு கேட்டதில்லை. கோவைப்பழச் சாயம் கன்னம் வரை இழுபட்டது. மாப்பிள்ளை மயிலுக்குப் பயத்தில் தோகை விரிந்துவிட்டது. கத்திக்கொண்டே அங்காயி ஓடினாள். கொம்புப் பூச்செண்டு ஒன்று கரடி மேல் விழுந்தது, இன்னொன்று பந்தியில் விழுந்தது.

கல்லுமேட்டில் சுட்டி அந்தக் குரலைக் கேட்டு நின்றாள், திரும்பினாள். அவளுக்குப் பின்னால் செந்நாய்கள் எழுந்து வந்துகொண்டிருந்தன. அங்காயி குறுக்கே பாய்ந்து கொம்பைத் தாழ்த்தினாள்.

“என்னடா பிராணி இது?” என்றது ஒரு செந்நாய். முகம் பாதி சிவப்பு, பாதி மஞ்சள், உடம்பெல்லாம் வெள்ளை வெடிப்பு.

“என்னவோ இருந்துட்டுப் போகட்டும். கொம்பு இருக்கு, வா போவோம்” என்றது மற்றது. இரண்டும் ஓடி மறைந்தன.

அங்காயி கன்றிடம் திரும்பினாள். “சுட்டி, வாடி. அம்மாடி, வந்து குடிடி.”

சுட்டி ஓடி வந்தாள். கிட்டே வந்ததும் முகர்ந்தாள். மறுபடியும் நின்றுவிட்டாள். நாக்கு வறண்டு தொங்கியது.

“குரல் எங்கம்மா குரல். வாசனை எங்கம்மா இல்ல” என்றாள்.

பெற்ற கன்று பசியோடு எதிரே நிற்கிறது. மடி நிறையப் பால் இருக்கிறது. நடுவில் ஒரு தாழம்பூ. அங்காயிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே குளத்துக்கு நடந்தாள். கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள். குரலை நம்பி, உடம்பை நம்பாமல், சுட்டி தூரத்திலேயே தள்ளாடித் தள்ளாடி வந்தாள். வழி முழுக்க வெள்ளைச்சாமி அவளுக்கு நிழல் விழும்படித் தாழப் பறந்து வந்தார்.

குளத்துச் சேற்றில் அங்காயி விழுந்தாள். புரண்டாள். வெள்ளை போயிற்று, மஞ்சள் போயிற்று, சிவப்பு போயிற்று. தலையிலிருந்து வால் வரை சேறாக எழுந்து கரையில் வந்து நின்றாள்.

சுட்டி மூக்கை நீட்டினாள். ஒரு கணம்தான். “அம்மா!” என்று மடியில் முட்டி முட்டிக் குடித்தாள். அங்காயி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். வெள்ளைச்சாமி வந்து அவள் முதுகில் உட்கார்ந்தார்.

மறுநாள் காலையிலேயே சிங்காரி வந்துவிட்டாள். வெட்கம் என்பதெல்லாம் தொழிலுக்கு ஆகாது.

“அக்கா, நேத்து நீங்க சேத்துல இருந்து எழுந்ததைப் பார்த்து மான் வீட்டு அம்மா அசந்துட்டாங்க. ‘கத்திரி வெயில் ஸ்பெஷல், இயற்கைச் சேற்றுப் பூச்சு’ன்னு போடப் போறேன். இந்தக் குளத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்க. அப்புறம் என் வெட்டுக்கிளி...”

“தாராளமா எடுத்துக்கோ” என்றாள் அங்காயி. “நான் மேயும்போது எழும்புறதெல்லாம் உனக்குத்தான். ஆனா வெயில் தாழாம நான் எழுந்திரிக்கப் போறதில்லை. நீ கூடு அடையற நேரத்துக்குத்தான் எனக்கு மேய்ச்சல். பரவாயில்லையா?”

சிங்காரி எதிர்த்துப் பேச அலகைத் திறந்தாள். அங்காயி வாலைச் சேற்றில் முக்கி ஒரு வீசு வீசினாள். மைனாவின் முகத்தில் கண், மஞ்சள் வட்டம், அலகு எல்லாவற்றின் மேலும் சேறு அப்பியது.

“இந்த வெயிலுக்கு ரொம்ப நல்லது” என்றாள் அங்காயி. “ஆனா வாயைத் திறக்காதே. அழிஞ்சிடும்.”

பெற்ற பிள்ளைக்கே நம்மை அடையாளம் தெரியாமல் செய்கிற அழகு, ஊரே நின்று மெச்சினாலும் அலங்கோலம்தான்.