முன்னுரைக்குப் பக்கத்தில் ஒரு பாட்டு

ஆற்றங்கரை மடத்துச் சாமிக்கு நாற்பது வயது. அவருடைய சீடர்கள் இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். அவர் அவர்களை வாங்க போங்க என்பார். அவர்கள் அவரைச் சாமி என்பார்கள்.

மூத்த சீடர் கனகசபாபதி சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் கேட்டால்கூட மனு போட்ட மாதிரி இருக்கும். மேற்படி செம்பு காலியாக உள்ளது என்பார். யாராவது எழுந்து போய் நிரப்பிக்கொண்டு வருவார்கள்.

பின்னால் வந்து சேர்ந்தவர் அழகர்சாமி, டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவர். தியானத்துக்குக் கூட்டம் சேர்ந்தால், முன்னாடி நகருங்க, நடுவுல எடம் சும்மா கிடக்குது என்பார். கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர்களும் நகர்ந்து கொடுப்பார்கள்.

அவர் பாடுவார். அதுதான் தொந்தரவு.

கனகசபாபதி வீட்டைப் பூட்டி, சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு மடத்துக்கு வந்தவர். வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது அவர் வேலை. ஒரு காலத்தில் அவர் முன்னால் உட்கார்ந்து கேட்டார்கள். இப்போது செருப்பைக் கழற்றும்போதே, பாட்டுக்காரர் இருக்காரா என்று அவரிடமே கேட்கிறார்கள். இருக்கிறார் என்று அவரும் கை காட்டுகிறார்.

குருபூசைக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுவதாக முடிவாயிற்று. மடத்துக் கணினியில் தட்டச்சு செய்தவர் கனகசபாபதி. முதல் இரண்டு பக்கம் அவருடைய முன்னுரை. அழகர்சாமி கட்டிய பாட்டையும் சேர்க்கச் சொன்னார் சாமி. கனகசபாபதி சேர்த்தார். கடைசி இரண்டு பக்கத்தில், கொஞ்சம் சின்ன எழுத்தில்.

பூசைக்கு முந்தின நாள் காலையில் அவர் சமையற்கட்டுக்குப் போனார். சாமி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒரு விண்ணப்பம்."

"சொல்லுங்க."

"மடத்தில் ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லை அழகர்சாமி இருக்க வேண்டும். எவர் என்பதைத் தாங்கள் தெரிவித்துவிட்டால் நல்லது."

சாமி ஒரு காயின் காம்பைக் கிள்ளிப் போட்டார். "புத்தகம் ஆயிட்டுதா?"

"இனிமேல்தான் அச்சடிக்க வேண்டும்."

"அடிங்க. அப்புறம் சொல்றேன்."

எப்படி அடிப்பது என்று மகள் போனில் சொல்லியிருந்தாள். தாளைப் படுக்கை வாக்கில் வைத்து, புத்தக மடிப்பு என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தாளின் ஒரு முகத்தில் இரண்டு பக்கம் விழும். ஒரு முகம் முடிந்ததும் தாள்களைத் திருப்பிப் போட வேண்டும். மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

கனகசபாபதி பொத்தானை அழுத்தினார். அச்சுப்பொறி தொண்டையைச் செருமியது. சும்மா இருந்தது. மறுபடி செருமி, வேண்டாவெறுப்பாக ஒரு தாளை வெளியே தள்ளியது.

தாளின் வலது பாதியில் முன்னுரை. இடது பாதியில், முன்னுரைக்கும் முன்னால், அழகர்சாமியின் பாட்டு.

அவர் அச்சை நிறுத்தினார். தாளோடு நேரே முற்றத்துக்குப் போனார். பூத்தொடுக்க வந்த பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் அழகர்சாமியிடம் தாளை நீட்டினார். கடைசிப் பக்கம் முதல் பக்கத்தைத் தாண்டி வந்தது தானாக நடந்த காரியம் அல்ல என்றார். தான் இல்லாத நேரத்தில் யாரோ கோப்பில் கைவைத்திருக்கிறார்கள் என்றார். யார் என்று சொல்லவில்லை. தாளை மட்டும் அழகர்சாமியின் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார்.

"அந்தப் பொட்டிய நான் தூசி தட்டக்கூடத் தொட்டதில்ல சார்" என்றார் அழகர்சாமி. "ஷாக்கடிக்கும்னு பயம்."

பூத்தொடுத்த பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். அழகர்சாமி சிரிக்கவில்லை. உள்ளே போய்த் தன் பையை எடுத்து, வேட்டியை மடித்து வைக்க ஆரம்பித்தார்.

சாமி கையைத் துடைத்துக்கொண்டு கணினி இருந்த அறைக்கு வந்தார். மீதியையும் அடிக்கச் சொன்னார். இந்தக் குளறுபடியை முழுதாக அடிப்பானேன் என்று கனகசபாபதி கேட்டார். அடிங்க என்றார் சாமி.

இரண்டாம் தாளிலும் பக்கங்கள் முன்னுக்குப் பின் இருந்தன. மூன்றாம் தாளிலும் அப்படித்தான். ஒவ்வொன்றும் வெளியே வரும்போது கனகசபாபதி, பார்த்தீர்களா என்பது போல் சாமியைப் பார்த்தார். கடைசித் தாளும் வந்தபின் கட்டைத் திருப்பிப் போட்டார். மறு முகமும் அடித்து முடிந்தது.

சாமி தாள்களை ஒன்றாகத் தட்டி அடுக்கினார். நடுவில் மடித்துக் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தார்.

முன்னுரை முன்னால் வந்தது. பாட்டு பின்னால் போயிற்று. இடையில் எல்லாம் வரிசையாக இருந்தன.

கனகசபாபதி முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். ஸ்டேப்ளரை எடுத்து, மடிப்பின் மேல் இரண்டு பின் அடித்தார்.

பக்கத்து அறையில் அழகர்சாமி பையின் ஜிப்போடு மல்லுக்கட்டும் சத்தம் கேட்டது.

"கோப்பில் தவறு இல்லை" என்றார் கனகசபாபதி. "இருந்தாலும், என் விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது சாமி."

"அவர் போகணும். அதானே?"

"ஆமாம்."

"அப்ப மொதல்ல புத்தகத்துலேர்ந்து அவரை எடுங்க. எடுத்துக் கொடுத்தீங்கன்னா, நானே போய் அவர்கிட்ட சொல்லிடறேன்."

கனகசபாபதி புத்தகத்தை மேசையில் விரித்தார். பின்பக்கத்து மடிப்பை ஒட்டி அடிக்கோலை வைத்து அழுத்தினார். பாதியை விட்டு மீதியைக் கிழிக்கிற ஆள் இல்லை அவர். மடிப்பு வரைக்கும், ஒரு நூல் தாள்கூட மிச்சம் நிற்காமல், பாட்டை முழுசாக எடுத்தார். எடுத்ததை மேசையில் வைத்து, பறக்காமல் இருக்க அதன் மேல் அடிக்கோலை வைத்தார்.

பிறகு புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்துச் சாமியிடம் நீட்டினார்.

முன்னுரை நழுவிக் கீழே விழுந்தது. மின்விசிறிக் காற்றில் ஒரு புரள் புரண்டு பீரோவுக்கு அடியில் போயிற்று.

கனகசபாபதி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். கையை விட்டுத் துழாவி எடுத்து, ஒட்டடையை ஊதினார். புத்தகத்தின் முன்னால் வைத்து, மேசையில் தட்டி நேர்செய்து, சாமியிடம் நீட்டினார். மறுபடியும் விழுந்தது.

அவர் மடிப்பைத் தடவிப் பார்த்தார். இரண்டு பின்னும் அடித்த இடத்திலேயே இருந்தன. மற்ற தாள்களையெல்லாம் பிடித்துக்கொண்டுதான் இருந்தன. முன்னுரைத் தாளின் மறு பாதி மேசையில் அடிக்கோலுக்கு அடியில் கிடந்தது.

"சாமி" என்றார். மனு மாதிரி இல்லை குரல். "என் பக்கம் நிக்க மாட்டேங்குது."

"ஆமா."

"பசை இருக்கா சாமி?"

சாமி அலமாரியைத் திறந்து பசைப் புட்டியை எடுத்தார். மூடியைத் திருகிக் கழற்றி அவர் முன்னால் வைத்தார்.

"எதோட ஒட்டப் போறீங்க?"