ஏழாவது ஆணி

சென்னியப்பன் சைக்கிளை நிறுத்தவில்லை, போட்டார். அது பட்டறை வாசலில் சாய்ந்து விழுந்து, பின்சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டு கிடந்தது. ஒன்பது வருஷத்தில் அந்த வண்டியை அவர் அப்படிப் போட்டதே இல்லை.

"ஆணியெல்லாம் எங்கீங்க மாஸ்டர்?"

மாஸ்டர் துளசிமணி ஒரு டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"புடுங்கிட்டேங்ணா."

"அதுல மாட்டியிருந்த ஹெல்மெட்டு?"

"சாக்குல கெடக்குது. அவங்கவங்களைக் கூப்புட்டு எடுத்துட்டுப் போகச் சொல்லியிருக்கேன்."

சென்னியப்பன் சுவரைப் பார்த்தார். ஆறு ஓட்டைகள். அவருக்குக் காது மடல் சுட்டது.

மேட்டுப்பாளையத்தில் மலை ஏறும் சைக்கிள்காரர்கள் முப்பது பேருக்கு அந்தப் பட்டறைதான் பள்ளிக்கூடம், துளசிமணிதான் குரு. மாஸ்டர் ஒரு பொம்பளை, வயது நாற்பத்து நான்கு. சென்னியப்பனுக்கு ஐம்பத்தொன்று, கறிவேப்பிலை மண்டி வைத்திருப்பவர், மண்டிக்குள் நுழைந்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். இருந்தாலும் அவர் வாயில் 'மாஸ்டர்' தவிர வேறு பேச்சு வராது. மாஸ்டர் அவரை அண்ணா என்பார். பிரேக்கை எப்போது பிடிக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவர் எவரோ அவர்தான் மாஸ்டர், அதில் வயதுக்கு வேலையில்லை.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கோத்தகிரி மலையை நூறு தடவை ஏறி இறங்கியவர் தன் ஹெல்மெட்டைக் கழற்றிச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிடலாம். அதன் கீழே பெயரும் தேதியும் பெயின்டில் எழுதுவார்கள். அன்றிலிருந்து அவர் தலைக்கு மஞ்சள் துணித்தொப்பி, அவ்வளவுதான். 'தொப்பிக்காரர்' என்று பெயர் வாங்கிவிட்டால் புதிதாகச் சேர்ந்தவர்கள் தள்ளி நின்று பார்ப்பார்கள். மலையடிவார டீக்கடையில் பெஞ்சு காலியாகும். சுவரில் இருந்தவை ஆறு. முதலாவது மாஸ்டருடையது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவரே அவர்தான்.

சென்னியப்பனுக்குத் தொண்ணூற்றொன்பது முடிந்திருந்தது. வரும் ஞாயிறு நூறு. ஜன்னலுக்குப் பக்கத்து இடத்தை இரண்டு வருஷமாகக் கண்வைத்திருந்தார். ஆணிகூட வாங்கிச் சட்டைப் பையில் போட்டிருந்தார். துருப்பிடிக்காத ஆணி வேண்டும் என்று மூன்று கடை ஏறி இறங்கினார், மனுஷர்.

"எதுக்குப் புடுங்குனீங்கன்னு கேக்கறேன்."

"செவத்துக்கு வெள்ளையடிக்கணும்."

"வெளையாடாதீங்க மாஸ்டர். ஞாயித்துக்கெழமை எனக்கு நூறு."

"தெரியுங்ணா."

"தெரிஞ்சுமா?"

மாஸ்டர் பம்ப்பைக் கழற்றிவிட்டு டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். சென்னியப்பனுக்கு அந்த டயரைக் கத்தியால் குத்த வேண்டும்போல இருந்தது.

"புதுசா வர்றவன் ஹெல்மெட்டு போடட்டும். வேண்டாம்னு சொல்லல. அவனுக்கு வளைவு தெரியாது, பிரேக்கு தெரியாது. எனக்கு எதுக்குங்க? எந்த வளைவுல மண்ணு சரிஞ்சு கெடக்கும், எந்த பஸ்ஸு எத்தனை மணிக்கு எங்க மறிக்கும், எல்லாம் எனக்கு அத்துப்படி. கண்ணைக் கட்டி விட்டாலும் எறங்குவேன்."

"எறங்குவீங்கங்ணா."

"விழுந்திருக்கேனா?"

"இல்லீங்க."

"அந்த ஆறு பேருல ஒருத்தராச்சும் விழுந்தாங்களா?"

"யாரும் விழல."

"அப்பறம் என்னங்க?"

"ஒண்ணுமில்லீங்ணா."

வேறு எந்தப் பதிலைச் சொல்லியிருந்தாலும் அவர் தாங்கியிருப்பார். சட்டம் மாறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம், போலீஸ்காரர் சத்தம் போட்டார் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். 'ஒண்ணுமில்லை' என்றால் என்ன அர்த்தம்? ஒன்பது வருஷ வியர்வை ஒன்றுமில்லையா?

"மத்தவங்களுக்கெல்லாம் குடுத்துட்டு என்ற முறை வர்றப்ப எலையை எடுக்கறீங்க. இது நாயமே இல்லீங்க மாஸ்டர்."

மாஸ்டர் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழமை நானும் வர்றேங்ணா. ஏறறதுக்கு முட்டி விடாது. காய் ஏத்தப் போற காலி வேன்ல வண்டியப் போட்டு மேல வந்துர்றேன். எறங்கறப்ப ஒண்ணா எறங்கலாம்."

ஐந்து வருஷத்துக்கு முன்னால் முட்டியில் ஆபரேஷன் ஆனதிலிருந்து மாஸ்டர் மலைக்கு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அடிவாரத்தில், பாக்குத்தோப்பை ஒட்டிய டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். எல்லாரும் இறங்கி வந்த பிறகுதான் எழுந்து போவார். அப்படிப்பட்டவர் தன்னோடு இறங்கப் போகிறார். தொப்பி உண்டு என்றுதானே அர்த்தம்? சென்னியப்பன் வண்டியைத் தூக்கி நிறுத்தி, தூசு தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு சேதி வந்தது: நாளைக்கு மற்றவர்கள் யாரும் மலைக்கு வர வேண்டாம் என்று மாஸ்டர் சொல்லிவிட்டாராம்.

நூறாவது தடவை, அதைப் பார்க்க ஒரு ஈ காக்கை இல்லை. சென்னியப்பனின் வீட்டுக்காரி சுட்டு வைத்திருந்த முப்பது பேருக்கான கச்சாயப் பலகாரம் தூக்குவாளியில் அப்படியே இருந்தது. அன்றைக்கு அவர் கோபத்திலேயே மலை ஏறினார். ஒவ்வொரு மிதிக்கும் மாஸ்டரை ஒரு வார்த்தை திட்டினார். வழக்கத்தைவிடப் பத்து நிமிஷம் முன்னாலேயே கோத்தகிரி வந்துவிட்டது. கோபத்துக்கு அந்த ஒரு நல்ல குணம் உண்டு.

மேலே கடைவீதி முக்கில் ஒரு குட்டிச்சுவரில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய பழைய வண்டி. தலையில் புது ஹெல்மெட். பட்டையில் கடை அட்டைகூட இன்னும் தொங்கியது.

"நூறுங்களாண்ணா?"

"நூறு."

மாஸ்டர் பைக்குள் கைவிட்டு மஞ்சள் தொப்பியை எடுத்தார். ஓரத்தில் சிவப்பு நூலில் 'செ' என்று தைத்திருந்தது. கோபமெல்லாம் எங்கேயோ போய், ஒரு பாராட்டுக்குக் கை நீட்டுகிற பிள்ளையைப்போல நீட்டினார்.

மாஸ்டர் தன் ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினார். தொப்பியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

"போலாங்ணா. நீங்க ஹெல்மெட்டோட முன்னால போங்க. நான் பின்னால வர்றேன்."

"அது என்ற தொப்பி."

"ஆமாங்ணா."

"மாஸ்டர், நீங்க செய்யறது..." ஹேண்டில்பாரில் தொங்கியதைக் காட்டினார். "ஹெல்மெட்டாச்சும் போடுங்க. அஞ்சு வருஷமா எறங்கல நீங்க."

"இந்த மலையை ஐந்நூறு தடவை எறங்கியிருக்கேன். எனக்கு எதுக்குங்க?"

அது பட்டறையில் சென்னியப்பன் சொன்ன வாசகம். மாஸ்டர் அதையே திருப்பிப் போட்டுவிட்டார். சென்னியப்பன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு வண்டியில் ஏறினார். வரட்டும் பின்னால், எவ்வளவு தூரம் வருகிறார் பார்க்கலாம் என்று ஆவேசமாக மிதித்தார்.

இறக்கத்தில் அவர்களுக்கு ஒரு கட்டளை உண்டு: முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. கழுத்து திரும்பினால் கை திரும்பும், கை திரும்பினால் பள்ளம்தான். மாஸ்டர் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். அதனால் சென்னியப்பன் திரும்பவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. ஹேண்டில்பாரில் தொங்கிய ஹெல்மெட் கம்பியில் மோதுகிற சத்தம் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. டக், டக், டக்.

முதல் வளைவு வரைக்கும் அந்தச் சத்தம் அவரைக் கேலி செய்வதுபோல இருந்தது. இரண்டாவது வளைவில் மண் சரிந்து கிடந்தது. கிடக்கும் என்று அவருக்குத் தெரியும். உடம்பு தானாகவே ஒதுங்கிவிட்டது. ஒதுங்கிய பிறகுதான், கையைக் காட்டிப் பின்னால் வருபவருக்குச் சொல்லவில்லையே என்று உறைத்தது. அத்துப்படியான ஆள் செய்கிற தப்பு அது. தெரியாதவன் ஒவ்வொரு குழிக்கும் கை காட்டுவான்.

டக். சத்தம் வந்துவிட்டது. நல்லவேளை.

அதற்குப் பிறகு அவருக்கு ரோடு தெரியவில்லை, அந்தச் சத்தம்தான் கேட்டது. அடுத்த குழிக்குக் கை காட்டினார். ஈரமான இடத்துக்குக் கை காட்டினார். ஒன்றுமே இல்லாத இடத்துக்கும் காட்டினார். வேகத்தைக் குறைத்தார். தேயிலை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று எதிரே வந்தபோது, தான் அதைத் தாண்டியதைவிட அந்தச் சத்தம் தாண்டியதா என்றுதான் கவனித்தார். தன் கை பிரேக்கின்மேல் இருந்தது, அது எவ்வளவு அழுத்தும் என்று தெரியும். பின்னால் இருக்கிற கை எவ்வளவு அழுத்துமோ, அந்த முட்டி சரியாக மடங்குமோ, யாருக்குத் தெரியும்? இந்தப் பொம்பளைக்குப் பைத்தியமா? ஒரு தொப்பிக்காக என்னை இப்படி வதைக்கணுமா? வாய் முணுமுணுவென்று திட்டிக்கொண்டே வந்தது.

குஞ்சப்பனை என்ற ஊர் தாண்டியது. ஒரு கூர்மையான வளைவு. சென்னியப்பன் வளைத்துத் திரும்பி நேர்ரோட்டுக்கு வந்தார்.

சத்தம் வரவில்லை.

ஐந்து எண்ணினார். பத்து எண்ணினார். மரத்தில் ஏதோ பறவை கத்தியது. வேறு ஒன்றுமில்லை.

முதல் பாடத்தை மறந்து திரும்பிப் பார்த்தார். வெறும் ரோடு. வண்டியை நிறுத்தினாரா, அதுவாக நின்றதா, அவருக்கு நினைவில்லை. மேலேயிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவில் வந்தது. அதன் டிரைவர் முகத்தைப் பார்த்தார், ஏதாவது தெரிகிறதா என்று. டிரைவர் இவரைத் திட்டிவிட்டுப் போனார்.

சென்னியப்பன் வண்டியை ரோட்டோரம் தள்ளிவிட்டு மேட்டில் ஓடினார். ஐம்பத்தொரு வயதுக்கு அது ஓட்டமில்லை. மூச்சு வாங்க வாங்கக் கூப்பிட்டார். ஒன்பது வருஷமாக வாயில் ஊறிய 'மாஸ்டர்' அந்த நேரத்துக்கு வரவில்லை. அவர் தன் கடைசித் தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார்.

"அம்மிணி! ஏ அம்மிணி!"

வளைவின் மறுபக்கம், ரோட்டோரத் தடுப்புச்சுவரில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். வண்டி ஒழுங்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. தலையில் ஹெல்மெட். பட்டையைத் தாடையின் கீழ் மாட்டியிருந்தார். மஞ்சள் தொப்பி மடித்த வாக்கில் கையில் இருந்தது.

சென்னியப்பனுக்கு முதலில் உயிர் வந்தது. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது, இதுவரை வந்ததெல்லாம் கோபமே இல்லை என்பதுபோல.

"எதுக்கு நின்னீங்க?"

"ஹெல்மெட்டு மாட்டறதுக்குங்ணா."

"ஒரு கொரல் குடுக்கறதில்லீங்களா? ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு எனக்கு. அந்த பஸ்ஸைப் பார்த்து நான் என்ன நெனச்சேன்னு தெரியுமா உங்களுக்கு? வெறுந்தலையோட வர்றதுக்கு அறிவு வேண்டாமா? நீங்க பாட்டுக்கு விழுந்து கெடந்தா நான் கீழ போய் யாருக்கு என்னன்னு சொல்றது?"

"நான் விழலீங்ணா."

"விழலைன்னா?"

"எல்லா வளைவும் எனக்கு அத்துப்படி."

"உங்களுக்கு அத்துப்படி. முன்னால போற எனக்கு..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். கையைச் சட்டைப் பையில் விட்டார். உள்ளே ஆணி விரலில் குத்தியது.

மாஸ்டர் எழுந்தார். அவர் முகமும் சிவந்திருந்தது. ஒன்பது வருஷத்தில் மாஸ்டர் குரல் உயர்ந்து சென்னியப்பன் கேட்டதில்லை. இப்போது கேட்டார்.

"கோத்தகிரியில இருந்து இங்க வரைக்கும் எவ்வளவு நேரமாச்சுங்ணா? அரைமணி நேரம் இருக்குமா? அரைமணி நேரத்துக்கே உங்களுக்கு இப்படிக் கோவம் வருது. நான் அஞ்சு வருஷமா அந்த டீக்கடைல உக்காந்து மஞ்சத்தொப்பி எண்ணிட்டிருக்கேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அஞ்சாவது வர்ற வரைக்கும் டீ எறங்காது. வந்ததும் அத்தனை பேரும் சிரிச்சுக்கிட்டு எறங்குவாங்க. ஒவ்வொருத்தரையும் செருப்பால அடிக்கணும்போல இருக்கும் எனக்கு. ஆறாவதா உங்களையும் எண்ணச் சொல்றீங்களா?"

ஒரு வேன் கடந்து போனது. இரண்டு பேரும் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள்.

மாஸ்டர் தொப்பியை நீட்டினார்.

"இந்தாங்ணா. உங்களோடதுதான். வேணும்னா போட்டுக்கங்க. நான் தடுக்கல."

சென்னியப்பன் தொப்பியை வாங்கினார். சிவப்பு நூலைக் கட்டைவிரலால் தடவினார். அவருக்குக் கோபம் முழுசாக அடங்கவில்லை. அடங்காத கோபத்துக்கு ஒரு பிடி கிடைத்தது.

"எல்லாஞ் சரிங்க மாஸ்டர். அப்ப இந்தத் தொப்பியை யாரு ஆரம்பிச்சது? மொத ஆணியை அடிச்சது நீங்கதானே? அன்னைக்கு இது தெரியலையா உங்களுக்கு?"

மாஸ்டர் தன் வண்டியில் ஏறி, தாடைக்குக் கீழே பட்டையை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

"அன்னைக்கு நான் முன்னால போய்ட்டிருந்தேங்ணா."