சுவரை வைப் பண்ணின கதை

மொண்ணையூருக்கு வெளியூர்க்காரர்கள் வழி கேட்டுக்கொண்டுதான் வருவார்கள். மொண்ணையூர்க்காரர்களும் அப்படித்தான் வருவார்கள். மற்றபடி நல்ல ஊர். மழையும் உண்டு, வெயிலும் உண்டு. இப்போது நடப்பது எது என்பதில் மட்டும் டீக்கடையில் கொஞ்சம் கருத்து வேறுபாடு இருக்கும்.

அந்த ஊரில் செவந்தியப்பனுக்கு ஒரே மகள். பவளம் என்று பேர். பெண்ணிடம் ஒரு குறையும் கிடையாது, ஆனாலும் வரன் எதுவும் அமையவில்லை. போன தடவை வந்தவர்கள், "பொண்ணைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார்கள். செவந்தியப்பன் கதவிடுக்கு வழியாக அவளுடைய வலது கையை மட்டும் காட்டினார். கொஞ்சம் என்று கேட்டது அவர்கள்தானே. அதற்குப் போய்க் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

இந்த வரனையாவது நழுவவிடக் கூடாது என்று செவந்தியப்பன் தவியாய்த் தவித்தார். மாப்பிள்ளை கோயம்புத்தூரில் ஏசி மெக்கானிக். போட்டோ வந்த நாளிலிருந்து பவளம் அடுப்படியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பயத்துக்குக் காரணம் மாப்பிள்ளையின் அம்மா அன்னத்தாய். அந்தம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்கு சூப்பர்வைசர்.

"சுத்தம்னா அந்தம்மா உயிர விடும்" என்றார் தரகர் சடையாண்டி. "வந்ததும் சுவத்துல விரல வச்சுத்தான் பாக்கும். ஒண்ணும் ஒட்டக் கூடாது. அதனால வீட்ட நல்லா வைப் பண்ணி வையுங்க. சும்மா துடைச்சு விட்றாதீங்க, அவுக வீட்ல எல்லாமே வைப்தான்."

சொல்லிவிட்டு அவர் மொபெட்டில் ஏறிப் போய்விட்டார். செவந்தியப்பனுக்குத் துடைக்கத் தெரியும். வைப் என்கிற இங்கிலீஷ் வேலை பண்ணத் தெரியாது. தெரியாததைச் செய்து மகள் வாழ்க்கையைக் கெடுத்துவிடக் கூடாதே என்று நேரே டீக்கடைக்குப் போய்த் தங்கமாரியைப் பிடித்தார்.

தங்கமாரி கொஞ்ச காலம் திருப்பூரில் பனியன் கம்பெனி வாட்ச்மேனாக இருந்தவர். ஊரில் இங்கிலீஷ் சம்பந்தப்பட்ட சிக்கல் எது வந்தாலும் அவரிடம்தான் போகும். இன்னும் சிக்கலாகித் திரும்பி வரும்.

"துடைக்கிறதும் வைப் பண்றதும் ஒண்ணாண்ணே?"

"ஒண்ணா இருந்தா எதுக்கு ரெண்டு பேரு வைக்கிறான்?" என்றார் தங்கமாரி. "துடைக்கிறது நம்ம திருப்திக்கு. நமக்குப் போதும்னு பட்டா நிறுத்திக்கலாம். வைப் பண்றது துணியோட திருப்திக்கு. துணியப் பாத்துக்கிட்டே செய்யணும். அதுல எதாச்சும் ஒட்டுச்சுன்னா இன்னும் முடியலைன்னு அர்த்தம். துணி வெள்ளையா வர்ற வரைக்கும் கைய எடுக்கப்படாது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒச்சப்பனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒச்சப்பன் செவந்தியப்பனின் அடுத்த வீட்டுக்காரர். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே மண்சுவர்தான். "கறுப்புத் துணியா இருந்தா?" என்று கேட்டார்.

தங்கமாரி நெடுநேரம் யோசித்தார். "கறுப்புத் துணி வெள்ளையா வர நாளாகும். கல்யாணம் தள்ளிப் போயிரும். வெள்ளத் துணியே எடுத்துக்கங்க."

அந்த வார்த்தை அன்றைக்கே ஊருக்குள் பரவிவிட்டது. மூக்கொழுகும் பிள்ளைகளுக்கு மூக்கு வைப் பண்ணப்பட்டது. பள்ளிக்கூடத்தில் சிலேட்டை வைப் பண்ணினார்கள், சலூனில் முகத்தை வைப் பண்ணினார்கள், டீக்கடைக்காரர் மேஜை துடைக்கும் அதே அழுக்குத் துணியால் அதே மேஜையை வைப் பண்ணிவிட்டு டீ விலையை ஏற்றினார். மேலத்தெருவில் ஒரு சாவு. ஒப்பாரி வைத்த பெண்களிடம் ஒருவர், "போதும்த்தா, கண்ண வைப் பண்ணுங்க" என்று சொன்னதும் அவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவரை மரியாதையோடு பார்த்தார்கள். அவ்வளவு கௌரவமாக அந்த ஊரில் அதற்கு முன்னால் யாரும் செத்ததில்லை.

செவந்தியப்பன் வீட்டில் வேலை ஆரம்பமானது. அவர் மனைவி குருவம்மாள் அடுப்படியை எடுத்துக்கொண்டாள். தோசைக்கல்லைத் துடைத்தால் துணியில் கறுப்பு வந்தது. மறுபடி துடைத்தாள், மறுபடி கறுப்பு. காலகாலமாக எண்ணெய் குடித்துப் பழகிய கல் அது. விடாமல் தேய்த்து அந்தப் பழக்கத்தையெல்லாம் எடுத்துவிட்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் தோசை, கல்லை விட்டு வரமாட்டேன் என்று அடம் பிடித்தது.

கல்யாண போட்டோவை ஒச்சப்பன் ஈரத்துணியால் வைப் பண்ணினார். கண்ணாடி என்றோ உடைந்துபோன போட்டோ. துணியில் சாயம் வரவர விடாமல் பண்ணியதில் செவந்தியப்பன் முழுவதுமாகப் போய்விட்டார், குருவம்மாள் மட்டும் மாலையோடு நின்றாள். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இப்போதுதான் பளிச்சென்று இருக்கிறது என்றாள்.

கடைசியில் சுவருக்கு வந்தார்கள். அன்னத்தாய் விரல் வைக்கப்போகிற நடுச்சுவர். செவந்தியப்பன் வேட்டியைக் கிழித்து, தண்ணீரில் நனைத்து, ஓர் இழுப்பு இழுத்தார். சுவரில் அடித்திருந்த சுண்ணாம்பு அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது.

"துணி வெள்ளையாத்தான் வந்திருக்கு. முடிஞ்சிருச்சு" என்றார் ஒச்சப்பன்.

"இது ஒட்டுன வெள்ளை" என்றார் தங்கமாரி. "துணியோட சொந்த வெள்ளை வேற. அவசரப்படாத."

அந்த நுணுக்கம் தன் புத்திக்கு எட்டாமல் போனதே என்று ஒச்சப்பன் வெட்கப்பட்டார். எல்லோரும் சேர்ந்து சுண்ணாம்பு முழுவதையும் எடுத்தார்கள். அடியில் செம்மண் வந்தது. மண்தானே அழுக்கு, அழுக்கு இவ்வளவு நாளும் சுண்ணாம்புக்குப் பின்னால் ஒளிந்திருந்திருக்கிறது என்று தங்கமாரி விளக்கினார். இத்தனை அழுக்கோடு குடித்தனம் நடத்தியிருக்கிறோமே என்று செவந்தியப்பனுக்கு உடம்பு கூசியது. தண்ணீரை ஊற்றி ஊற்றித் துடைத்தார்கள். வேட்டிகள் தீர்ந்து சேலைக்கு வந்தார்கள். பெண் பார்க்கும் அன்றைக்கு என்று எடுத்து வைத்த பவளத்தின் பட்டுச்சேலையும் சுவரோடு போனது. அவள் கொடுக்க மாட்டேன் என்றுதான் சொன்னாள். உனக்காகத்தானே தாயி எல்லாம் என்று அப்பா சொன்னதும் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

அன்னத்தாய் வருகிற அன்று காலையில் ஒச்சப்பன் கை திடீரென்று சுவரைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. அவர் ஓட்டை வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார்.

"யாரோ ஒரு பொம்பள சட்னி அரைக்குது. எங்கயோ பாத்த முகமாத் தெரியுது."

தங்கமாரியும் எட்டிப் பார்த்தார். "உன் பொண்டாட்டிடா."

"அதானே பாத்தேன்" என்று ஒச்சப்பன் நிம்மதியானார்.

செவந்தியப்பன் அந்த ஓட்டைக்குள் ஒரு துவைத்த வெள்ளைத் துணியை விட்டு இப்படியும் அப்படியும் ஆட்டினார். வெளியே எடுத்துப் பார்த்தார். வெள்ளை. சொந்த வெள்ளை. மண் இல்லை, சுண்ணாம்பு இல்லை, ஒரு பொட்டுத் தூசி இல்லை. நம்ப முடியாமல் இன்னொரு தடவை ஆட்டினார். அப்போதும் வெள்ளைதான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஓட்டையைப் பெரிதாக்கி, ஓரங்களைச் சரிசெய்து, ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கொண்டு வந்து நிறுத்தினார்கள்.

பதினோரு மணி வாக்கில் அன்னத்தாய் மகனோடும் தரகர் சடையாண்டியோடும் காரில் வந்து இறங்கினாள். வாசலில் மண் குவிந்து கிடந்தது. உள்ளே கரண்டைக்கால் அளவு சேறு. செவந்தியப்பன் இடுப்பில் துண்டோடு கும்பிட்டபடி நின்றார். பழக்க தோஷத்தில் அன்னத்தாயின் விரல் தானாகச் சுவரை நோக்கிப் போனது.

"அங்க வேண்டாம் சம்பந்தியம்மா, அங்க இன்னும் வேலை பாக்கி" என்று செவந்தியப்பன் குறுக்கே வந்தார். "இந்தா, இங்க வச்சுப் பாருங்க."

அன்னத்தாய் ஓட்டையைப் பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒச்சப்பன் மனைவி, வாங்க என்றாள். அன்னத்தாய் தன் விரலைப் பார்த்தாள், செவந்தியப்பனைப் பார்த்தாள். இரவல் சேலையில் தலை குனிந்து நின்ற பவளத்தையும், அவளையே பார்த்துக்கொண்டிருந்த தன் மகனையும் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"பொண்ணப் பத்தி எனக்கு ஒரு குறையும் இல்லண்ணே" என்றாள். "ஆனா உங்க வீட்லயே சுத்தமான எடம் இது ஒண்ணுதான். இத மொதல்ல எங்க வீட்டுக்கு அனுப்பி வைங்க. வந்து சேரட்டும், அப்புறம் கல்யாணத்தப் பேசுவோம்."

மகனை இழுத்துக்கொண்டு விடுவிடுவென்று போய்க் காரில் ஏறிக்கொண்டாள். சடையாண்டி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். செவந்தியப்பன் அவரைத் தட்டிக் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் நகை கேட்கவில்லை, வண்டி கேட்கவில்லை, கேவலம் ஓர் ஓட்டை கேட்கிறார்கள். இதற்குப் போய் மலைக்கலாமா என்றார்.

"அப்பா, அவுக கேலி பண்ணிட்டுப் போறாக" என்றாள் பவளம்.

"கேலி பண்றவுக கல்யாணத்தப் பேசுவோம்னு சொல்லுவாகளாம்மா?" என்றார் செவந்தியப்பன். பவளத்துக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவளும் மொண்ணையூர்தானே.

குட்டி யானை வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். ஓட்டையைத் தோண்டி எடுக்கலாம் என்று சுற்றிலும் கடப்பாரை போட்டார்கள். போடப் போட அது பெரிதாகிக்கொண்டே போனது. நல்ல இடத்துக்கு வாழப் போகிறதல்லவா, அந்தப் பூரிப்பு என்றார் தங்கமாரி. பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். அதன்படி ஒரு தார்ப்பாயை ஓட்டைக்கு மேலே விரித்து மூடினார்கள். ஓட்டை கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் பாய்க்குள் வந்துவிட்டது என்றுதானே அர்த்தம். சட்டென்று சுருட்டி, இரண்டு பக்கமும் கயிற்றைக் கட்டித் தூக்கினார்கள்.

"கனமே இல்லையே" என்றார் ஒச்சப்பன்.

"சுத்தமான சாமான் கனக்காது" என்றார் தங்கமாரி.

நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து ஒச்சப்பன் மனைவி என்னவோ கத்தினாள். சந்தோஷத்தில் கத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கோயம்புத்தூர் போகும் வழியில், வெயில் கடுமையாக இருக்கிறதே, உள்ளே வாடிப்போய்விடப் போகிறது என்று செவந்தியப்பன் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கித் தார்ப்பாயை விரித்தார்கள். பாய்தான் இருந்தது. ஓட்டையைக் காணோம்.

செவந்தியப்பனின் கண் முன்னால் பவளத்தின் முகம் வந்து நின்றது. "எம் பொண்ணு வாழ்க்கையே போச்சே" என்று ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதார்.

"அழாத செவந்தி. ரோடு குலுக்கின குலுக்கல்ல எங்கயாச்சும் விழுந்திருக்கும்" என்றார் தங்கமாரி. வந்த வழியிலேயே வண்டியைத் திருப்பினார்கள். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. ஒச்சப்பன், "அந்தா கெடக்கு" என்று காட்டினார். நடுரோட்டில், செவந்தியப்பன் வீட்டு ஓட்டை அளவுக்கே ஒன்று கிடந்தது. விழுந்த வேகத்தில் சேறும் தண்ணீருமாக அழுக்காகிவிட்டிருந்தது, அவ்வளவுதான். செவந்தியப்பன் ஓடிப்போய் அதன் பக்கத்தில் மண்டியிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து வைப் பண்ண ஆரம்பித்தார்.

"மச்சான், இங்க ஒண்ணு கெடக்கே" என்றார் ஒச்சப்பன், பத்தடி தள்ளி நின்றுகொண்டு.

"இந்தப் பக்கமும் கெடக்கு" என்றார் தங்கமாரி. அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும், பெரிதும் சிறிதுமாக ரோடு பூராவும் கிடந்தன. இத்தனை பேர் வீட்டுக் கல்யாணச் சாமானும் வழியிலா விழுந்துவிட்டது என்று அவருக்கே கஷ்டமாகிவிட்டது. இதில் எது நம்முடையது என்று மூன்று பேரும் ஒவ்வொன்றாகக் குனிந்து குனிந்து பார்த்தார்கள். பின்னால் பஸ்களும் லாரிகளும் நின்று ஹாரன் அடித்தன.

செவந்தியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பெண்ணைப் பெற்றவருக்கு அந்த நேரத்தில் எங்கிருந்தோ ஒரு தெளிவு வந்துவிடுகிறது. தார்ப்பாயை எடுத்து உதறினார்.

"எல்லாத்தையும் ஏத்துங்கய்யா. நம்மளுது எதுன்னு சம்பந்தியம்மா பாத்து எடுத்துக்குவாக. மிச்சத்தத் திருப்பிக் கொண்டாந்து போட்ருவோம்."