புழு அசையாமல் இருக்க

முதலில் ஒரு ‘கிளிக்’. அதன் பின்னால் மூன்று ஆண்கள் ஒன்றாக மூச்சு விடும் நீண்ட ‘உஸ்ஸ்ஸ்’. பதினைந்து வருஷமாகிறது. சில மத்தியானங்களில் சுவருக்கு அந்தப் பக்கம் அது இன்னும் கேட்பது போலிருக்கும்.

அந்தப் பக்கம் குருவம்மாவின் வீடு. அவளுக்கு மூன்று தம்பிகள்: பூலையா, சங்கிலிமாடன், தங்கப்பழம். மூவரும் நல்லவர்கள். சொன்னதைச் செய்வார்கள். சொன்னதை மட்டும் செய்வார்கள்.

குருவம்மா தொட்டியில் ஓர் எலுமிச்சங்கன்று வளர்த்தாள். மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றி, முதல் பூ விட்டிருந்தது. ஊறுகாய் ஜாடியைக் கழுவி வெயிலில் கவிழ்த்தே விட்டாள். அந்த வாரம் பார்த்து கன்றில் ஒரு பச்சைப் புழு வந்தது. புழு என்றால் அவளுக்கு உடம்பெல்லாம் கூசும், கிட்டே போகமாட்டாள். தம்பிகளை விவசாய ஆபீசுக்கு அனுப்பினாள். அங்கிருந்த ஆபீசர் அம்மா, புழுவைக் கிட்டத்தில் தெளிவாக ஒரு படம் எடுத்து வந்தால் பார்த்து மருந்து சொல்வதாகச் சொன்னாராம்.

தங்கப்பழத்திடம் ஒரு கேமரா இருந்தது. புதிதாகப் பழகுகிறவர்கள் வாங்குவது. லென்ஸும் அதோடு வந்த சாதாரண லென்ஸ்தான். கிட்டத்தில் என்றார்களே என்று, லென்ஸ் புழுவை முட்டும்வரை போய் எடுத்தான். பிரிண்ட் போட்டு வந்த படத்தில் பச்சையாக ஒரு பனிமூட்டம் விழுந்திருந்தது.

“புழு உள்ளதான் இருக்கு. மூட்டம் விலகினா தெரியும்” என்றான் பூலையா. ஒரு பகல் முழுக்கப் படத்தை வெயிலில் வைத்துக் காத்திருந்தார்கள்.

பிறகு டவுனில் ஸ்டுடியோ வைத்திருந்த ஞானதுரையிடம் போனார்கள். அவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். இந்த லென்ஸுக்கு ஒரு சாண் தூரமாவது வேண்டும். மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். எடுக்கப்படுவது அசையக் கூடாது.

யாருடைய சாண் என்று அவர் சொல்லவில்லை. மூவரின் கையும் மூன்று அளவு. மறுபடி பஸ் ஏறிப் போய், ஞானதுரையின் கையை விரிக்கச் சொல்லி நூலால் அளந்து வந்தார்கள். நூலின் ஒரு முனையை லென்ஸில் கட்டினார்கள். மறுமுனையைப் புழுவின் இடுப்பில் கட்டுவதாக முடிவு. புழுவுக்கு இடுப்பு எது என்று அரை நாள் பேச்சு நடந்தது. அதற்குள் புழு ஒன்பது இலை தின்றிருந்தது.

மூச்சை யார் அடக்குவது என்பதையும் ஞானதுரை சொல்லவில்லை. அதனால் மூவரும் அடக்கினார்கள். பக்கத்தில் கட்டியிருந்த ஆடு மட்டும் தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்ததால், சங்கிலிமாடன் அதன் மூக்கைப் பொத்தினான். ஆடு உதைத்தது. கேமரா திரும்பி, ஆட்டின் குளம்பு மிகத் தெளிவாக விழுந்தது. அதையும் ஆபீசுக்குக் கொண்டுபோனார்கள். ஆபீசர் அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, இதற்கு என்னிடம் மருந்து இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்.

மிச்சமிருந்தது ஒரே கஷ்டம்: புழு நகர்ந்துகொண்டே இருந்தது. இரண்டு நாள் கவனித்துப் பார்த்து, தின்னும்போது மட்டும் அது இடத்தை விட்டுப் பெயரவில்லை என்று பூலையா கண்டுபிடித்தான். உடனே கன்றிலேயே தளிரான இலைகளாகக் கிள்ளி அதன் வாயருகே நீட்டினார்கள்.

சுவருக்கு மேலே தலையை நீட்டி, அதை எடுத்துத் தூர எறிந்துவிடுங்களேன் என்று நான் சொன்னேன். எறிந்துவிட்டால் எதைப் படம் எடுப்பது என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

குருவம்மா அடுக்களை வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டாள். “ஏலே, அது இலையைத் திங்கக் கூடாதுன்னுதானே படம் எடுக்கச் சொன்னேன்?”

“ஆமாக்கா.”

“பொறவு நீங்களே ஏன்ல ஊட்டுதீக?”

“படம் வார வரைக்கும் திங்கட்டும்க்கா” என்றான் பூலையா. “படம் வந்தா மருந்து வரும். மருந்து வந்துட்டா ஒரு இலை தின்ன விடுவோமா?”

கிளிக், உஸ்ஸ்ஸ். கிளிக், உஸ்ஸ்ஸ். ஆறு நாள். படம் ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் கொஞ்சம் தெளிந்தது. கன்றும் இலை இலையாகத் தெளிந்துகொண்டே வந்தது. கடைசி இலையைத் தின்று முடித்த புழு, மொட்டைக் குச்சியில் ஏறித் தன்னைத்தானே ஒரு நூலால் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றது.

“பார்த்தியா, இடுப்பு அங்கதான் இருந்திருக்கு” என்றான் சங்கிலிமாடன்.

மறுநாள் எடுத்த படம் அபாரம். மேலே இருந்த சுருக்கங்களை எண்ணிவிடலாம். ஆபீசர் அம்மாவே மெச்சினார். இது கூடு கட்டிவிட்டது, இனி எதையும் தின்னாது, மருந்தே தேவையில்லை என்றார். மூவரும் ஜெயித்த முகத்தோடு வந்து அக்காவிடம் படத்தை நீட்டினார்கள்.

குருவம்மா படத்தைப் பார்த்தாள். பூவும் உதிர்ந்துபோன குச்சியைப் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு. ஊறுகா போட்டு வைங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் ஜாடியைத் திறந்தவள் என்னைக் கூப்பிட்டாள். உள்ளே உப்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய், பொடிப்பொடியாக நறுக்கிய நாற்பது படங்கள். தினமும் வெயிலில் வைத்துக் குலுக்கியிருக்கிறார்கள். பூலையா ஒரு துண்டை எடுத்து மென்று பார்த்து, இன்னும் ஊறணும் என்றான்.

தங்கப்பழம் இப்போது டவுனில் கல்யாணப் படம் எடுக்கிறான். மாப்பிள்ளையும் பெண்ணும் அசையாமல் இருக்க, ஆளுக்கு நான்கு எலுமிச்சை இலை கொடுக்கிறான்.